கரடிக்கு வகிடு எடுத்த கதை

ஒரு காட்டில் செண்பகவல்லி என்று ஒரு புள்ளிமான் வாழ்ந்துவந்தாள். அவளுக்குப் புள்ளி பிடிக்காது.

உடனே அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுடைய கூட்டத்தில் அறுபது மான்கள். அறுபதுக்கும் ஒரே பழுப்பு, ஒரே வெள்ளைப் புள்ளி, ஒரே குட்டை வால். ஒருத்தி தப்பு செய்தால் இன்னொருத்தி திட்டு வாங்குவாள். செண்பகவல்லிக்குக் கல்யாணம் ஆன அன்றைக்கு, மாப்பிள்ளை போய் அவளுடைய சித்தி மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அரை நாள் கழித்து யாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். வந்தவர் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. "பின்னாலேருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதானே" என்றார்.

இனிமேல் பின்னாலிருந்து பார்த்தாலும் தன்னைத் தெரிய வேண்டும் என்று செண்பகவல்லி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் அவள் காதில் ஆவாரம்பூ இருந்தது. அடுத்த வாரம் நான்கு காலிலும் முழங்கால் வரை செம்மண். அவளுக்கு இதில் நல்ல கை இருந்தது. எந்தப் பூ யார் காதுக்கு எடுக்கும், எந்த மண் எந்தத் தோலில் ஒட்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

எது புதுசு, எது பழசு என்று அந்தக் காட்டுக்குச் சொல்லும் பொறுப்பை மாசிலாமணி என்ற கருமந்தி எடுத்துக்கொண்டிருந்தான். யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். காடு பார்க்க வந்த ஒருவர் செல்ஃபி எடுக்கக் கையை நீட்டியபோது போனைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியவன் அவன். யானைக்காகப் போட்ட சோலார் வேலியில்தான் சார்ஜ் ஏற்றுவான். எப்படி ஏற்றுகிறான் என்று கேட்டால் சொல்ல மாட்டான். வால் நுனி மட்டும் கொஞ்சம் கருகியிருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அத்திமரத்து உச்சியில் உட்கார்ந்து போனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வாரம்..." என்று ஆரம்பிப்பான். கீழே காடே அண்ணாந்து நிற்கும்.

அண்ணாந்து பார்க்காத ஒரே ஆள் பொன்னுரங்கம் என்ற கரடி. அவருக்கு அதில் பெருமை வேறு.

"என்னப் பாரு தங்கச்சி" என்பார் செண்பகவல்லியிடம். "பொறக்கும்போதும் இந்த முடிதான். இன்னிக்கும் இந்த முடிதான். நெஞ்சுல இருக்கிற இந்த வெள்ளப் பிறை எங்கப்பா குடுத்தது. நான் நானாத்தான் இருப்பேன்."

"இருங்கண்ணே. யாரு வேண்டாங்கறா?"

"நீயும் நீயா இருன்னு சொல்றேன்."

"நான் நானா இருந்தா எங்க வீட்டுக்காரரே கண்டுபிடிக்க மாட்டாருண்ணே."

கரடி முதலில் சொன்னதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். இந்த மாதிரிக் கதைகளில் தன்னைப் போன்றவர்கள்தான் கடைசியில் ஜெயிப்பார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

தை மாதம் அரசரான புலி ஓர் ஆணை போட்டார். பக்கத்துக் காட்டிலிருந்து யார் யாரோ வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்களாம். ஆகையால் இந்தக் காட்டு உயிர் ஒவ்வொன்றுக்கும் படம் ஒட்டிய அட்டை கொடுக்கப்படும். கோடையில் ஆனைக்குட்டையில் தண்ணீர் குடிக்க அட்டை கட்டாயம். படம் எடுக்கும் வேலை மாசிலாமணிக்கு. குட்டைக் கரையில் உட்கார்ந்து அட்டையைச் சரிபார்க்கும் வேலை தெய்வநாயகம் என்ற கழுதைப்புலிக்கு. சிரிக்கத் தெரிந்த ஜாதியில் பிறந்தும் ஒருநாளும் சிரிக்காதவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

படம் எடுக்கும் நாளில் செண்பகவல்லி காதில் இருந்த பூவை எடுக்கச் சொன்னார்கள். காலில் இருந்த மண்ணைத் தட்டச் சொன்னார்கள். வெறும் புள்ளியோடு நின்றாள். படத்தில் அறுபது பேரில் ஒருத்தியாக விழுந்தாள்.

மாசி மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாசிலாமணி அத்திமரத்திலிருந்து அறிவித்தான்: "புள்ளி போச்சு! இனி கோடு!"

செண்பகவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. போன வருஷம் தீப்பிடித்த சரிவுக்குப் போய்க் கரி எடுத்தாள். வேப்பம்பிசினில் குழைத்தாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து முதுகிலிருந்து வயிறு வரை பதினான்கு கோடு போட்டாள். புள்ளி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அவள் நடந்துபோனால் மயில்கள் வழி விட்டன. வீட்டுக்காரர் தூரத்தில் பார்த்துவிட்டு, "யாரோ புதுசா வந்திருக்காங்க" என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கிட்டே வந்து, "அட, நீயா" என்றார். "நீயா" என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பங்குனியில் ஓடை வற்றியது. ஆனைக்குட்டையைத் தவிர எங்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. காடு முழுக்க வரிசையில் நின்றது.

செண்பகவல்லியின் முறை வந்தது. தெய்வநாயகம் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"அட்டையில புள்ளி இருக்கு. ஆளுல கோடு இருக்கு."

"நான்தாங்க அது."

"அதை நீ சொல்லக் கூடாது. அட்டை சொல்லணும்."

"அடியில புள்ளி இருக்குங்கய்யா. கொஞ்சம் தண்ணி ஊத்துனா தெரியும்."

"ஊத்தலாமே. அட்டையக் காட்டு, தண்ணி எடுத்துக்கோ."

தெய்வநாயகம் ஒரு படிவத்தை நீட்டினார். மேலே 'உருமாற்ற விண்ணப்பம்' என்று எழுதியிருந்தது. மூன்று பிரதி. இரண்டு சாட்சி. சாட்சிகள் விண்ணப்பதாரரைத் தின்னும் பழக்கம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். புது அட்டை வரப் பதினைந்து நாளாகும்.

"அதுவரைக்கும் நான் என்னய்யா குடிக்கிறது?"

"அதுக்குத் தனி படிவம்" என்றார் அவர். "அது இன்னும் அச்சாகல."

அவள் நகர்ந்ததும் பின்னால் நின்ற மான் ஒன்று அட்டையைக் காட்டிவிட்டுப் போய்க் குடித்தது. திரும்பி வந்து அதே அட்டையை அடுத்த மானிடம் கொடுத்தது. அது போய்க் குடித்தது. அந்த ஒரே அட்டையில் அன்றைக்குப் பதினோரு மான்கள் குடித்தன. படம் எல்லாருக்கும் பொருந்தியது.

செண்பகவல்லி கோட்டை அழிக்கப் பார்த்தாள். மணலில் புரண்டாள். பாறையில் தேய்த்தாள். தோல்தான் உரிந்தது, வேப்பம்பிசின் விடவில்லை. காட்டு நெல்லிக்காயை மென்று சாற்றை விழுங்கினாள். விடியும் நேரத்தில் புல் நுனியை நக்கினாள். நாலாம் நாள் நாக்கு தடித்துப்போனது. வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்த பொன்னுரங்கத்தை வழியில் மறித்தாள்.

"அண்ணே, உங்க முடியில தண்ணி சொட்டுது. கொஞ்சம் நக்கிக்கட்டுமா?"

கரடி நின்றார். நக்க விட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் நக்கி முடிக்கும் வரை பேசிக்கொண்டே இருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியா? கோடு போட்டே. இப்ப என்னாச்சு? என்னைப் பாரு. அட்டைய நீட்டுறேன், 'போங்க'ன்றான். ஏன்? நான் நானா இருக்கேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் தங்கச்சி."

கரடியின் முடித் தண்ணீரில் கரையான் வாடை அடித்தது. உபதேசத்தைவிட அது பரவாயில்லை என்று அவள் நக்கினாள். அட்டை வரும் வரை அந்தத் தண்ணீரில்தான் அவள் உயிர் ஓடியது. அத்தனை நாளும் அந்த உபதேசத்தையும் கேட்டாள்.

பதினாறாம் நாள் புது அட்டை வந்தது. படத்தில் பதினான்கு கோட்டோடு அழகாக நின்றாள். அட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஆனைக்குட்டைக்கு ஓடும்போது அத்திமரத்தில் மாசிலாமணி கத்திக்கொண்டிருந்தான்.

"கோடு போச்சு! இனி கொடி!"

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அவள் நின்றாள். காட்டில் அவனவன் கொடியை அறுத்து இடுப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டான். கோட்டோடு போனால் தண்ணீர் கிடைக்கும். ஆனால் ஊர் சிரிக்கும். கொடியோடு போனால் ஊர் மெச்சும். ஆனால் நாக்கு வறளும். இதற்கு முன்னால் அவள் அழுதிருப்பாள். இந்தத் தடவை உட்கார்ந்து யோசித்தாள். பிறகு பிரண்டைக் கொடியை எடுத்து, முதுகில் போட்டால் கோட்டை மூடும்படியும், கழுத்தைச் சிலுப்பினால் கழன்று ஒரு பக்கமாக ஒதுங்கும்படியும் பின்னிக்கொண்டாள். வரிசையில் நிற்கும்போது கொடி. தெய்வநாயகத்துக்கு முன்னால் ஒரு சிலுப்பு, கோடு. குடித்து முடித்ததும் இன்னொரு சிலுப்பு, மறுபடியும் கொடி.

வயிறு நிறையக் குடித்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்தச் சிலுப்பு தனக்கு எடுப்பாக இருக்கிறது என்று தண்ணீரிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவசியமில்லாத இடத்திலும் சிலுப்பத் தொடங்கினாள்.

சித்திரை பிறந்தது. குட்டை பாதியாகச் சுருங்கியது. புலி இன்னோர் ஆணை போட்டார். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட படம் செல்லாது. எல்லாரும் புதுப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எல்லாரும் எடுத்தார்கள். பொன்னுரங்கமும் எடுத்தார். மாசிலாமணி, "அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்றான். "நான் எப்பவும் போலத்தான் இருப்பேன்" என்றார் கரடி. அப்படியே இருந்தார்.

மறுநாள் வரிசையில் அவருடைய முறை வந்தபோது தெய்வநாயகம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது."

"ஏன்?"

"பழைய படத்தையே திரும்பக் குடுத்திருக்கீங்க. இது மோசடி."

"ஐயா, இது நேத்து எடுத்த படம்!"

"நேத்து எடுத்ததுன்னா எங்கயாவது மாறியிருக்கணுமே. அதே முடி, அதே மூஞ்சி, அதே முறைப்பு."

"நான் மாறலைய்யா! மாறவே மாட்டேன்! அதுதான்யா நான்!"

தெய்வநாயகம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூணு மாசத்துல உசுருள்ளது எதுவும் மாறாம இருக்காது. மாறலைன்னா அது கரடி இல்ல, படம். படத்துக்குத் தண்ணி குடுக்கச் சொல்லி ஆணை இல்ல. அடுத்தது யாருப்பா?"

அடுத்தது ஒரு முயல். கொடி கட்டியிருந்தது. போய்க் குடித்தது.

கரடிகள் கரையான் தின்பவை. கரையான் தின்றால் தொண்டை காயும். மூன்று நாள் பொன்னுரங்கம் பொறுத்தார். முதல் நாள் "நான் நானாத்தான் இருப்பேன்" என்று நூறு தடவை சொன்னார். இரண்டாம் நாள் பத்துத் தடவை. மூன்றாம் நாள் சொல்வதற்கு வாயில் எச்சில் இல்லை. செண்பகவல்லி மேய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு வந்து ஒரு மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அவள் தலைநிமிர்ந்து பார்த்தாள். அவரிடம் திருப்பிச் சொல்ல அவளிடம் அத்தனை நாள் உபதேசமும் அப்படியே இருந்தது. ஒன்றிரண்டை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்தாள். கரடியின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

"என்னண்ணே செய்யணும்?"

"கொஞ்சமா..." என்றார் கரடி. குரல் வரவில்லை. "ரொம்ப இல்ல. கொஞ்சமா மாத்தி விடு."

அவள் சுற்றி வந்து பார்த்தாள். முன்னங்காலால் தலையைத் தொட்டுப் பார்த்தாள். முப்பது வருஷமாக யாரும் கை வைக்காத தலை. உள்ளே இரண்டு காய்ந்த இலுப்பைப்பூவும், ஒரு தேனீயின் சடலமும், எப்போதோ தொலைந்துபோனதாகத் தேடிய ஒரு தேன்கூட்டுத் துண்டும் இருந்தன. முள்ளம்பன்றி உதிர்த்த முள் ஒன்றை வாயில் பிடித்து, சிக்கெடுத்து, நடுவில் நேராக ஒரு வகிடு எடுத்தாள். இரண்டு பக்கமும் படியச் சீவினாள். வேங்கை மரத்துப் பட்டையைக் கீறி, வடிந்த சிவப்புப் பிசினை நெற்றியோர முடியில் இழுத்துவிட்டாள்.

கரடி கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"வலிக்குதாண்ணே?"

"எங்கப்பா பாத்தா என்ன சொல்வாரு?"

"தாகமா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கண்ணத் தொறங்க."

மாசிலாமணி படம் எடுத்தான். தெய்வநாயகம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டார். "ம். இது உயிரு" என்று முத்திரை குத்தினார்.

பொன்னுரங்கம் குட்டையில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பின்னாலிருந்த காட்டுப்பன்றி பொறுமையிழந்து, "அண்ணே, குடிக்கிறீங்களா, பாக்குறீங்களா?" என்று கேட்டது.

பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாசிலாமணி, "கொடி போச்சு! இனி கரடி வகிடு!" என்றான். காடு அல்லோலகல்லோலப்பட்டது. ஆளாளுக்கு வகிட்டோடு படம் எடுத்துப் புது அட்டையும் வாங்கிக்கொண்டார்கள். அணில்கள் வகிடு எடுத்தன. முள்ளம்பன்றி வகிடு எடுக்கப் போய்த் தன் முள்ளே குத்திப் படுத்துக்கொண்டது. யானையின் தலையில் மொத்தம் பன்னிரண்டு முடிதான். ஆறை இந்தப் பக்கமும் ஆறை அந்தப் பக்கமுமாகப் படிய வைத்துக்கொண்டு, அசைந்தால் கலைந்துவிடும் என்று ஒரு வாரம் காதை ஆட்டவில்லை.

பொன்னுரங்கம் அடியோடு ஆள் மாறிப்போனார். தினமும் காலையில் செண்பகவல்லியிடம் வந்து தலையைக் கொடுப்பார். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தார். பாறையடியில் கிடந்த ஆமையைக்கூட விடவில்லை.

"நேத்து இருந்த மாதிரியே இன்னிக்கும் இருக்கிறவன் என்னய்யா ஜீவன்? அந்த ஓட்டுல ஏதாச்சும் செய்யக் கூடாதா?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்கு அதுதான் பதில்.

ஆனி மாதம் மூன்றாம் தேதி, மத்தியானம், மழை வந்தது.

சும்மா தூறல் இல்லை. மலை முழுக்க ஒரே இரைச்சலாக இறங்கியது. ஓடை பொங்கியது. பள்ளம் எல்லாம் நிரம்பியது. ஆனைக்குட்டை கரையை மீறி, வரிசையில் நின்றவர்களின் வயிறு வரை ஏறியது. வரிசை மட்டும் கலையவில்லை. தெய்வநாயகம் ஒரு தேக்கிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நின்று, வந்தவர்களிடம் அட்டை கேட்டார்.

மழை எல்லார் மேலும் பெய்தது. வகிடெல்லாம் கலைந்தது. பிசின் கரைந்து சிவப்பாக ஓடியது. நாலு மாதமாக விடாத வேப்பம்பிசினும் கடைசியில் விட்டது. செண்பகவல்லியின் கோடுகள் ஒவ்வொன்றாக வழிந்து போய், புள்ளி வெளியே வந்தது. அட்டையில் உள்ளபடி அங்கே ஒருவர்கூட இல்லை.

"யாருக்கும் தண்ணி கெடையாது" என்றார் தெய்வநாயகம். "எல்லாரும் போயி சரியா வாங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீர் எல்லார் வயிற்றையும் தொட்டுக்கொண்டு ஓடியது. பொன்னுரங்கம் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, செண்பகவல்லியிடம் தழுதழுத்தார்.

"தங்கச்சி, வகிடு போச்சும்மா. சீக்கிரம் எடுத்து விடு. தாகமா இருக்கு."

செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். கீழே பார்த்தாள். அவளுக்கும் தாகமாகத்தான் இருந்தது. நின்ற இடத்திலேயே கழுத்தைச் சாய்த்து, குனிந்து, குடித்தாள்.

வரிசை மூச்சை நிறுத்திக்கொண்டது. "அய்யய்யே, அட்டையில்லாம குடிக்கிறா!" என்றது அவளுடைய சித்தி மகள். வீட்டுக்காரர் தனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாததுபோல வேறு பக்கம் பார்த்தார். தெய்வநாயகம், "ஏய்! என்ன செய்ற?" என்று கத்தினார்.

"மழை பெய்யுதுங்கய்யா" என்றாள் அவள், வாயெல்லாம் தண்ணீராக. மறுபடியும் குனிந்தாள்.

ஒருவரும் அவளைப் பின்பற்றவில்லை. அன்றைக்கு அத்தனை உயிர்களும் தண்ணீரில் நின்றபடியே நாக்கு வறண்டு வீடு திரும்பின. ஆனால் அத்திமரத்தில் இலைக்கடியில் ஒதுங்கியிருந்த மாசிலாமணி, போன் நனையாமல் அவளைப் படம் பிடித்திருந்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை.

"வகிடு போச்சு!" என்றான். "இனி குனிஞ்சு குடிக்கிறது!"

ஒரு நாழிகையில் காடே குனிந்து நின்றது. இவ்வளவு நாள் நிமிர்ந்தா குடித்தோம் என்று யாரும் கேட்கவில்லை. தெய்வநாயகம் குனிந்த நிலையில் எடுத்த படம் இரண்டு கொண்டுவரச் சொன்னார். அதற்கொரு வரிசை உருவானது.

செண்பகவல்லி கொஞ்சம் தள்ளி, நாவல்பழத்தைக் கடித்துக் காது மடலில் ஊதா பூசிக்கொண்டிருந்தாள். அப்போது பொன்னுரங்கம் அவளருகே வந்து, யாரும் கேட்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நேத்து நீ குனிஞ்சப்போ கழுத்த எந்தப் பக்கமா சாச்சே? இடதா, வலதா?"

அவளுக்கு ஞாபகமில்லை. தாகத்தில் யார் பார்த்தார்கள்? ஆனாலும் அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வலதுண்ணே."

"அதானே" என்றார் கரடி, பெரிய நிம்மதியோடு. "நான் பொறந்ததுலேருந்தே வலதுதான்."

நீதி: எப்போதும் நீங்கள் நீங்களாகவே இருங்கள். எந்தப் பக்கமாக என்பதை மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் விசாரித்துக்கொள்ளவும்.